ஜைனப் அக்காவுக்கு ஒரு சட்டி சுருவா

ஜைனப் அக்கா போய்விட்டார்.

நேற்று விடிந்ததும் அவர் மகள் ஃபோன் பண்ணினாள். தூக்கத்திலேயே உயிர் போய்விட்டதாம். சாயங்காலத்துக்குள் அடக்கமும் முடிந்துவிட்டது.

எங்கள் தீவில் சிகடோகா ஆற்றோரத்தில் இருந்த காய்கறி பேக்கிங் ஷெட்டில் என்கூட வேலை பார்த்தவர். ஏற்றுமதிக்குக் கத்திரிக்காயும் மிளகாயும் பொறுக்கி அடுக்குகிற வேலை. ஆனால் எங்கள் ஷெட் ஆட்கள் யாரைக் கேட்டாலும் அக்காவின் சமையலைத்தான் முதலில் சொல்வார்கள்.

நாங்கள் யாரும் லஞ்ச் கட்டிக்கொண்டு போக மாட்டோம். ஆளுக்கு ஒரு பிடி அரிசி, கொஞ்சம் பருப்பு, ஒரு உருளைக்கிழங்கு... வீட்டில் எது இருக்கிறதோ அது. யாராவது டின் மீன் கொண்டுவந்துவிட்டால் அன்றைக்குக் கொண்டாட்டம்தான்.

டீ பிரேக்கில் அக்கா ஷெட்டுக்குப் பின்னால் அடுப்பு மூட்டுவார். பருப்பு வெந்த தண்ணீரை இறுத்துத் தனியாக எடுத்து வைப்பார். கெட்டிப் பருப்போடு சேப்பங்கீரை குழைய வேகும். இறுத்த தண்ணீரில் புளி, மஞ்சள், மிளகாய், உருளைக்கிழங்கு... கடைசியில் மீன். அதுதான் சுருவா.

இருப்பது ஒரே டின். ஆனாலும் எல்லார் தட்டிலும் ஒரு துண்டு மீன் இருக்கும்! எப்படி அக்கா என்று கேட்டேன்.

"முன்னாடியே போட்டுக் கிண்டுனா கரஞ்சு காணாமப் பூடும் தங்கச்சி. கடசியில போட்டுட்டு கரண்டிய வெளிய எடுத்துடு."

நோன்பு மாசத்திலும் எங்களுக்கு ஆக்கிப் போடுவார். வேண்டாம் அக்கா, பிரெட் வாங்கிக்கொள்கிறோம் என்றால் திட்டுதான் விழும். உப்பு பார்க்க மட்டும் என்னைக் கூப்பிடுவார். நானும் பெரிய மனுஷி மாதிரி நாக்கில் வைத்துப் பார்ப்பேன்... குறை சொல்ல ஒன்றும் இருக்காது.

ஷெட்டையே நிரந்தரமாக மூடிவிட்ட பிறகு ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். பெருநாள் வந்தால் மட்டும் அக்கா வீட்டில் கூடுவோம். வெறுங்கையோடு போவோமா... ஒரு பையில் அரிசி, பருப்பு, டின் மீன்.

ஆக்கினது எதையும் யாரும் கொண்டுபோனதில்லை. நாங்கள் பெரும்பாலும் இந்துக்கள், ரெண்டு பேர் மெத்தடிஸ்ட் கிறிஸ்தவர்கள். நம் வீட்டுச் சட்டியில் ஆக்கினதை அக்கா சாப்பிடுவாரோ மாட்டாரோ என்று ஒரு தயக்கம். கேட்கவும் கூச்சம். மரியாதை என்று நினைத்துக்கொண்டு வருஷா வருஷம் அரிசிப் பையையே நீட்டினோம்.

போன பெருநாளன்று என் பையை வாங்கி அலமாரியில் வைத்தார். அதில் ஏற்கனவே இடமில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"எல்லாரும் எனக்கு அரிசியும் பருப்புந்தான் குடுக்குறீங்க. அடுத்தவுங்க கையால ஆக்குன சோறு நான் துன்னது, எங்க வூட்டுக்காரரு மௌத்தாப் போனாரே... அந்த மூணு நாளுதான்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நீங்கள் சாப்பிடுவீர்களோ என்னவோ என்றுதான்... என்று இழுத்தேன்.

"மீன்ல என்னா ஹராம் இருக்கு? நீ ஆக்கிக் கொண்டாந்தா துன்னமாட்டனா?"

வருகிற ஞாயிற்றுக்கிழமை சுருவா ஆக்கிக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஞாயிறு பார்த்து அடைமழை. பாலத்துக்கு மேலே தண்ணீர், பஸ் ஓடவில்லை. அடுத்த ஞாயிறு கட்டாயம் வருகிறேன் என்று ஃபோனில் சொன்னேன். மீனைக் கடைசியில் போடு என்று ஞாபகப்படுத்தினார்.

அந்த ஞாயிறு வருவதற்குள்...

நேற்று அந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. மௌத்தான வீட்டுக்கு மூன்று நாள் அக்கம்பக்கத்தார்தான் ஆக்கிக் கொண்டுபோவார்கள். எங்கள் ஷெட் ஆட்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு சட்டி. பருப்பு, கீரை, சோறு, ரொட்டி... மேசையில் இடம் போதாமல் தரையிலும் வைத்திருந்தது.

எங்கள் எல்லாருக்கும் ஆக்கத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆறவே இல்லை.

நானும் சுருவா கொண்டுபோனேன். மீனைக் கடைசியில்தான் போட்டேன்.

போய் வாங்க அக்கா. உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு... மன்னிச்சிடுங்க.