ஓர் உலை, இரண்டு வரி

“...பிறகென்னக்கா, புருசனும் பொஞ்சாதியும் ஒரே உலையிலதானே சோறாக்கிறீங்க? அப்ப வரிக்கணக்கும் ஒண்டுதான்” என்று மேசைக்குப் பின்னால் இருந்த வரிக்காரர் சொல்லிக்கொண்டே போனார்.

அது யுத்த காலம். மட்டக்களப்பு வாவியின் படுவான்கரைத் துறையில், வெயில் உச்சிக்கு ஏறிய நேரம், வீட்டுச் சாமான்களோடு பாதைக்காக நின்றோம். பாதை என்றால் ஆட்களையும் வண்டிகளையும் வாவி கடத்தும் மிதவை. நாங்கள் நின்ற கரையில் இயக்கத்தின் ஆட்சி, எதிர்க்கரையில் அரசாங்கத்தின் ஆட்சி. கரை மாறுவதென்றால் வரி பாக்கியில்லை என்று இயக்கத்தின் வரிக்காரர் எழுதித் தரும் துண்டுச்சீட்டு வேண்டும்.

வவுணதீவுப் பக்கம் ஒரு நெல் ஆலையில் என் கணவருக்கு வேலை. நான் வீட்டிலிருந்து சட்டை தைத்தேன். அவருடைய வரியை ஆலையிலேயே சம்பளத்தில் கழித்துவிடுவார்கள். அது போதாதா என்று கேட்டதற்கு, “தையல் வேற தொழில், நீங்க வேற ஆள்” என்று என்னிடமும் மாதாமாதம் வாங்கினார்கள். சரி, வேறு ஆள்தான் என்று நானும் தவறாமல் கட்டினேன். பிறகு ஆலையை மூடிவிட்டார்கள். எதிர்க்கரையில், களுதாவளையில் ஒரு வெற்றிலை வியாபாரி இவரை வேலைக்கு வரச் சொன்னார். அதற்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் எனக்குச் சீதனமாகத் தந்த வீடு சும்மா கிடந்தது. புறப்பட்டோம்.

இப்போது வரிக்காரர் சொல்கிறார், வருஷம் முடியவில்லை, மிச்ச மாதங்களுக்கும் இவர் கட்டத்தான் வேண்டுமாம்.

“ஆலையப் பூட்டியாச்சு தம்பி. இனி இஞ்ச எனக்கு உழைப்பில்லையே” என்றார் என் கணவர்.

“அக்கரையில உழைப்பீங்கதானே அண்ணன். கரை ரெண்டெண்டாலும் வருசம் ஒண்டுதானே.”

இன்னும் கையில் காணாத சம்பளத்துக்கு, இன்னும் போய்ச் சேராத ஊரின் சம்பளத்துக்கு, இங்கே வரி! அதைக் கட்டும்வரை என் தையல் மெஷின் இந்தக் கரையிலேயே நிற்குமாம். சொன்னதோடு நிற்காமல், ஆள் வைத்து அதை வண்டியிலிருந்து இறக்கியும்விட்டார். புது வேலையில் இவர் முதல் சம்பளம் வாங்கும்வரை எங்களுக்குச் சோறு போட வேண்டியது அந்த மெஷின்தான்.

“அது என்ட சீதன மெசின் தம்பி. நான் கட்ட வேண்டியதெல்லாம் கட்டிற்றன். புருசன்ட பாக்கிக்குப் பொம்புளட சீதனத்தில கைவைக்கிறது எந்த ஊர் வழக்கம்?” என்று கேட்டேன்.

அதற்குத்தான் அவர் அந்த ஒரே உலைக் கதையைச் சொன்னார். கணவர் என் முழங்கையைப் பிடித்து, “சும்மா இரி” என்று முணுமுணுத்தார். நான் இருக்கவில்லை.

“வாங்கக்குள்ள நாங்க ரெண்டு பேர், மறிக்கக்குள்ள மட்டும் ஒரு ஆளா? ஒரே உலை எண்டா என்னட்ட வாங்கினதையெல்லாம் திருப்பித் தாங்க. ரெண்டு ஆள் எண்டா என்ட மெசின விடுங்க.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குப் பின்னால் மீன் கூடையோடு நின்ற ஒரு பெண், யார் பெற்ற பிள்ளையோ, “தம்பிக்குக் கலியாணம் முடிஞ்சா, அவர்ர பொஞ்சாதி இதெல்லாம் சொல்லிக் குடுப்பா” என்றாள். இன்னும் சிரிப்பு. வரிக்காரர் சிரிக்கவில்லை. மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொஞ்சம் யோசித்தார். அண்ணனின் பாக்கி அண்ணனோடு, தவணையில் கட்டட்டும் என்று சொல்லி மெஷினை மறுபடி வண்டியில் ஏற்றச் சொன்னார்.

வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அந்த மெஷின் வாவி கடந்தது உண்மை, வருஷக் கணக்காக எங்களுக்குச் சோறு போட்டதும் உண்மை. ஆனால் இன்றைக்கும் எந்த அலுவலகத்திலாவது யாராவது என்னிடம் “நீங்க ரெண்டு பேரும் ஒண்டுதானே” என்றோ “நீங்க தனி ஆள்தானே” என்றோ இனிப்பாகப் பேசினால், இதில் காசு எந்தப் பக்கம் போகிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். ஏனென்றால் அன்றைக்கு அந்த மனிதர், “நீங்க சொல்றது சரிதானக்கா, நீங்க தனி ஆள்தான். அப்ப கரை விட்டுப் போறதுக்குத் தனியா ஒரு வரி இரிக்கி” என்று மிக மரியாதையாகச் சொல்லி, பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் புதுத் தாளைப் புரட்டி, கார்பன் தாளை ஒழுங்காக உள்ளே செருகி, என் முழுப் பெயரைக் கேட்டு எழுதத் தொடங்கினார்.