எதிராளி தலையாட்டும்வரை

எங்கள் மக்கானா ஆலையில், அதாவது குளத்து அல்லி விதையைப் பொரிக்கிற ஆலையில், வாயை மூடிக்கொண்டு வேலை பார்ப்பவன் ஒருவனும் கிடையாது. பீகாரில் எங்கள் தர்பங்காவில் பிறந்தவனுக்குப் பாலோடு சேர்த்து வாதத்தையும் ஊட்டிவிடுகிறார்கள். டீயில் சர்க்கரை கூடிப்போனால் மற்ற ஊர்க்காரன் டீயைத் திருப்பிக் கொடுப்பான். எங்கள் ஊர்க்காரன் இனிப்பு என்றால் என்ன என்பதில் ஆரம்பிப்பான், டீ ஆறிவிடும்.

இப்படிப்பட்ட நூற்றிருபது பேரை வைத்து வேலை வாங்குகிறவர் இந்துகலா ஜா. மேனேஜர். வயதில் மூத்தவர்கள்கூட அவரைத் தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பத்தோரு வயது, ஐந்தடிக்கும் ஒரு விரல் குறைவு. ஸ்கூட்டியில் வந்தால் ஹெல்மெட் மட்டும் தனியாக வருவதுபோல் இருக்கும். ஒருமுறை அந்த ஹெல்மெட்டுக்குள் நான் ஒரு படி பொரியைக் கொட்டி வைத்தேன். தலையில் மாட்டினார். தோளெல்லாம் வெள்ளையாகக் கொட்டியது. ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, “முதல் தரம்டா இது. இனிமே செய்யறதா இருந்தா மூணாம் தரத்துல செய்”என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார். அதற்குப்பிறகு அவரிடம் விஷமம் செய்ய எனக்குக் கை வரவில்லை. வந்தது, ஆனால் குறைவாக.

தீதியின் அப்பா சமஸ்கிருதப் பாடசாலை வாத்தியார். வீட்டு முன்னறையில் நாள் தவறாமல் பண்டிதர்கள் கூடி ஒருவரையொருவர் மடக்கிக்கொண்டிருப்பார்களாம். இந்தச் சின்னப் பெண் வெற்றிலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவாள், தட்டு காலியானபிறகும் வெளியே வரமாட்டாள். பெண்ணுக்கு எதற்குத் தர்க்கம் என்று யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அவளும் யாரையும் கேட்கவில்லை, காதால் கேட்டுக்கொண்டாள்.

அந்த அறையில் ஒரு பழைய சட்டம் இருந்தது. எதிராளியை மறுக்க வேண்டுமா? முதலில் அவன் பக்கத்தை நீ எடுத்துச் சொல். அவன் சொல்வதைவிட நன்றாகச் சொல். ‘ஆமாம், இதுதான் என் கட்சி’ என்று அவன் தலையாட்டினால்தான் உனக்கு வாய் திறக்க உரிமை. சொல்ல முடியாவிட்டால் நீ தோற்றாய், எழுந்து போ. பூர்வபட்சம் என்று இதற்குப் பெயர். ஆயிரத்தைந்நூறு வருஷமோ இரண்டாயிரமோ, தீதியே சரியாகச் சொல்லமாட்டார். “பழசுங்கறது முக்கியமில்ல, வேலை செய்யுதாங்கறதுதான் முக்கியம்”என்பார்.

மேனேஜராக வந்த முதல் வாரமே அதை ஆலைக்குள் கொண்டுவந்தார். மூட்டை கிழிந்தது யாரால் என்று பேக்கிங் ஷம்பூவும் லாரி ஏற்றும் ராம்சாகரும் சட்டையைப் பிடித்திருந்தார்கள்.

“ஷம்பூ, ராம்சாகர் என்ன சொல்றான்னு நீ சொல்லு.”

“அவன் முட்டாள்னு சொல்றான் தீதி.”

“அது நீ சொல்றது. அவன் சொல்றத சொல்லு.”

கால் மணி நேரம் திணறி ஷம்பூ சொன்னான். ராம்சாகர் தலையாட்டினான். பிறகு ராம்சாகர் ஷம்பூவின் பக்கத்தைச் சொன்னான். இரண்டு பேருக்கும் எதிராளி கட்சி அவ்வளவு பிடித்துப்போய்விட்டது. கடைசியில் ஷம்பூ தையல் மோசம் என்று தன்னையே திட்டிக்கொள்ள, ராம்சாகர் கொக்கியைக் கண்டபடி போட்டது தான்தான் என்று அழாத குறை. ஊர் வழக்கம் அப்படி. எங்களுக்குத் தோற்பதில்கூட ஜெயிக்க வேண்டும்.

நடுவில் மாலிக், அதாவது முதலாளி போத்தார், குர்கானிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்தார். அந்த ஆள் கலர் காகிதமும் புரொஜெக்டரும் கொண்டுவந்து, பிறர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது எப்படி என்று இரண்டு நாள் பேசினார். இரண்டு நாளில் எங்களில் ஒருவர் பேசியதையும் அவர் கேட்கவில்லை. நான் கலர் காகிதத்தில் தவளை செய்து அவர் பைக்குள் போட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மக்கானா விதை கறுப்பு, கல் மாதிரி. இரும்புச் சட்டியில் வறுத்து, சூடு ஆறுவதற்குள் மரக்கட்டைமேல் வைத்து மரச்சுத்தியால் ஒரு போடு. வெள்ளையாக வெடிக்கும். ஒருவர் வறுக்க, பக்கத்திலேயே ஒருவர் தட்ட வேண்டும். எங்கள் கொட்டகையில் இருபது ஜோடி, எல்லாம் புருஷன் பெண்டாட்டி. புகையில் பெண்கள் இருமிக்கொண்டே தட்டுவார்கள்.

தீதி நாலு மாதம் உட்கார்ந்து ஒரு திட்டம் போட்டார். கொட்டகை நடுவே சுவர். இந்தப் பக்கம் நெருப்பு, அந்தப் பக்கம் தட்டுபவர்கள். சுவரில் சிறு சிறு துளை, ஒவ்வொன்றிலும் ஒரு சரிவுத் தகடு. வறுத்த விதை சறுக்கி அந்தப் பக்கம் போய் விழும், யார் கை காலியோ அவர் எடுத்துத் தட்டலாம். புகை இல்லை, கருகல் இல்லை. மாலிக்குக்குத் திட்டம் அவ்வளவு பிடித்தது. “இது நடந்துச்சுன்னா பூர்ணியாவுல கட்டற புது ஆலைக்கு நீங்கதான் தலைமை”என்று சொல்லிவிட்டார்.

பூர்ணியா என்றதும் தீதி முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவர் வீட்டுக்காரர் அங்கே பள்ளிக்கூட வாத்தியார். ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் குடும்பம். காலை ரயிலில் போய் அன்றைக்கே திரும்புகிற குடும்பம்.

ஆனால் சட்டம் எல்லோருக்கும் பொது. கொட்டகை சார்பில் பேசுகிறவர் ஜோகி சாஹ்னி, ஓரத்துச் சட்டிக்காரர், எங்கள் எல்லோருக்கும் காகா, அதாவது சித்தப்பா. அவர் சுவர் வேண்டாம் என்றார். ஆக, தீதி அவர் பக்கத்தைச் சொல்ல வேண்டும், அவர் தலையாட்ட வேண்டும்.

புதன்கிழமை தீதி ஆரம்பித்தார். “வேகம் கூடிச்சுன்னா ஆளக் குறைப்பாங்கன்னு பயப்படறீங்க. அதானே ஜோகி காகா?”

“இல்ல.”

“சுவத்துக்கு அந்தப் பக்கம் பொம்பளைங்க தனியா இருந்தா சூப்பர்வைசருக்கு வாய் நீளும்.”

“நீண்டா என் பொண்டாட்டி கையில சுத்தி இருக்கு. இல்ல.”

வியாழக்கிழமை. “தகட்டுல சறுக்கறதுக்குள்ள விதை ஆறிடும்.”

“அது ஷம்பூ மாதிரி ஆளுங்க கேக்கற கேள்வி. நான் கேக்கல.”

“அப்ப நீங்களே சொல்லிடுங்களேன்!”

“நானே சொன்னா அது எப்படி பூர்வபட்சமாகும் மேனேஜர் சாஹேப்? உங்க அப்பா காலத்துல எங்கப்பா மீன் கொண்டுவந்து உங்க வாசல்ல நிப்பாரு. உள்ள விடமாட்டீங்க. காதுக்குத் தாழ்ப்பாள் போடலியே! சட்டம் எனக்கும் தெரியும்.”

கொட்டகையே விசிலடித்தது. தீதிக்கு முகம் சிவந்தது, ஆனால் சிரித்தார். கிழவர் வேண்டுமென்றே தலையாட்டாமல் விளையாடுகிறார் என்றுதான் நாங்கள் எல்லோரும், அதாவது பேக்கிங் பக்கத்து ஆட்கள், நினைத்தோம். கைனிப் புகையிலைப் பொட்டலம் வைத்துப் பந்தயம் கட்டினோம். மாலிக் போனில் கத்தினார்: சனிக்கிழமை செங்கல் வந்து இறங்குகிறது, அதற்குள் அந்த ஆள் தலையை ஆட்ட வையுங்கள்.

வெள்ளிக்கிழமை தீதி ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் ஜோகி காகாவின் சட்டிப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார். பேசவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

இது தெரியாமல் நான் அன்றைக்குத்தான் மேளாச் சந்தையில் வாங்கிய ரப்பர் பாம்பை ஃபூலோ காகியின் கட்டைக்குப் பக்கத்தில் சுருட்டி வைத்திருந்தேன். ஃபூலோ காகி ஜோகி காகாவின் மனைவி. சுத்தி பறக்கும், கிழவி அலறும் என்று மூட்டைக்குப் பின்னால் காத்திருந்தேன்.

அலறியது தீதி. முக்காலியோடு பின்னால் சாய்ந்தார்.

ஃபூலோ காகி பாம்பை நேருக்கு நேர் பார்த்தபடி அடுத்த விதையைத் தட்டினாள். “என்ன ஆச்சு தீதி? சூடு பட்டுடுச்சா?”

ஜோகி காகா கரண்டியால் பாம்பைத் தள்ளிவிட்டார். பிறகு கரண்டியைச் சட்டி விளிம்பில் ஒருமுறை தட்டினார். டக். விதை கட்டையில் விழுந்தது, எப்போதும் விழும் அதே இடத்தில். சுத்தி இறங்கியது. டக். விதை. சுத்தி.

மூட்டைக்குப் பின்னாலிருந்து நான் மெல்ல எழுந்தேன். தீதி முக்காலியை நிமிர்த்தி மறுபடி உட்கார்ந்தார். அரை மணி நேரம் அந்த ‘டக்’கைக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்தபோது, “தண்ணி குடிக்கறீங்களா காகி?”என்று சொம்பை எடுத்தார். அதை முகத்துக்கு நேரே நீட்டவில்லை. காகியின் விரலில் படும்படி மெல்ல வைத்தார்.

ஜோகி காகா அதைப் பார்த்தார். சட்டியில் விதை கருகியது. அவர் சட்டியில் கருகி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வெளியே வந்து பாம்பை என் கையில் திணித்தார் தீதி. “பாம்ப வெச்சுக்கோ. வாய மூடிக்கோ.”

சனிக்கிழமை மாலிக் வந்தார். வாசலில் செங்கல் அடுக்கியிருந்தது. கொட்டகை முழுக்கக் கூட்டம். தீதி எழுந்து நின்றார். ஒரே ஒரு வரி போதும் அவருக்கு. ஃபூலோ காகிக்குக் கண் போய்விட்டது, பக்கத்தில் ஜோகி காகா இல்லாவிட்டால் அவளால் தட்ட முடியாது. அதைச் சொன்னால் கிழவர் தலையாட்டியே ஆகவேண்டும். சுவர் எழும்பும், பூர்ணியா கிடைக்கும். கண் தெரியாதவளைச் சூட்டுப் பக்கத்தில் எப்படி விடுவது என்று மாலிக் அன்றைக்கே அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

“நாலு நாளா தேடினேன்”என்றார் தீதி. “ஜோகி காகா பக்கத்த இந்தச் சபையில எடுத்துவைக்க என்கிட்ட வார்த்தையில்ல. சட்டப்படி நான் தோத்துட்டேன். சுவர் வேண்டாம்.”

பந்தயத்தில் ஜெயித்தவன் பொட்டலத்தைக் கேட்கக்கூட மறந்துவிட்டான்.

“என்ன பேச்சு இது?”என்றார் மாலிக். “ஒரு சட்டிக்காரன் தலையாட்டலன்னு திட்டத்த விட்டுடுவீங்களா?”

“மாலிக், உங்க பக்கத்த நான் சொல்லட்டுமா? எல்லார் முன்னாடியும் தோத்துட்டேன்னு சொல்றவ, நாளைக்கு ஒரு ஆலைய எப்படிக் கட்டி மேய்ப்பான்னு பயப்படறீங்க. இவளப் போய் பூர்ணியாவுக்கு அனுப்ப இருந்தோமேன்னு நெனைக்கறீங்க.”

மாலிக் தன்னையறியாமல் தலையாட்டிவிட்டார்.

“இப்ப நான் மறுக்கலாம். மறுக்கல. உங்க இஷ்டம்.”

“அப்ப பூர்ணியாவுக்கு வேற ஆள்தான்”என்றார் மாலிக்.

அப்போதுதான் ஜோகி காகா எழுந்தார். “ஜெயிச்சவனுக்கும் ஒரு முறை இருக்கில்ல? நான் இன்னும் தீதி பக்கத்த சொல்லவேயில்லையே.”

இடுப்புத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். பாருங்கள், அந்த வாதத்தைத் தீதிகூட அப்படிச் சொன்னதில்லை. எந்தப் பெண்ணுக்கு எந்த மாதம் இருமல் வந்தது, எந்தக் கட்டையில் எவ்வளவு கருகல் விழுகிறது, குனிந்து எடுக்கும் முதுகுக்குத் தகடு எவ்வளவு உயரத்தில் இருந்தால் சுகம், எல்லாம் வரிசையாக வந்தது. பிறகு கொஞ்சம் நிறுத்தினார்.

“இன்னும் ஒண்ணு இருக்கு. ஆறு வருஷமா வாரத்துல ஒரு நாள் மட்டும் தன் வீட்டப் பாக்கற பொம்பள. இந்தச் சுவர் எழும்பினா தினமும் பாப்பா. அத அவ ஒரு தடவகூட இங்க சொல்லல. சொல்லாதத சேத்துச் சொன்னாத்தானே பூர்வபட்சம்? சரியா தீதி?”

தீதி உடனே தலையாட்டவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கூரையைப் பார்த்து, அப்புறம்தான் ஆட்டினார்.

“அப்ப என் பதில் இதான்”என்றார் ஜோகி காகா. “சுவத்த கட்டுங்க. பத்தொம்போது சட்டிக்குக் கட்டுங்க. ஓரத்துச் சட்டிக்கு நேர மட்டும் விட்டுடுங்க.”

“ஏன்? அதென்ன உனக்கு மட்டும்?”என்றார் மாலிக்.

 பத்தொன்பது பெண்களும் அவரவர் சுத்தியை முதன்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொட்டகைக்கு எல்லாம் தெரியும். வருஷக்கணக்காகத் தெரியும். வாதம் என்றால் உயிரை விடுகிற ஜனம், இந்த ஒன்றில் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

“ஜெயிச்சவர் காரணம் சொல்லணும்னு சட்டத்துல இல்ல மாலிக்”என்றார் தீதி.

மாலிக் செங்கல்லைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், “சரி, கட்டித் தொலைங்க” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார். பூர்ணியாவுக்குப் பாட்னாவிலிருந்து ஒருவர் வந்தார். கோட்டெல்லாம் போடுகிறாராம். தீதி இன்னும் எங்கள் தலைமேல்தான். ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்கு அவர் கிளம்பும்போது, வழிக்குக் கொறிக்க என்று யாரோ ஸ்கூட்டியில் ஒரு பொட்டலம் பொரி மாட்டிவிடுகிறார்கள். முதல் தரம். யார் என்று நான் சொல்லமாட்டேன்.

திங்கட்கிழமையே கொத்தனார் வேலையை ஆரம்பித்தார். ஓரத்துக்கு வந்ததும் மட்டப்பலகையை வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “இங்க எவ்ளோ அகலம் விடணும்? காகிதத்துல போடலியே.”

எல்லோரும் தீதியைப் பார்த்தார்கள். தீதி ஃபூலோ காகியைப் பார்த்தார்.

காகி கட்டைக்குமுன் உட்கார்ந்தபடியே கையை நீட்டினாள். விரல் நுனி ஜோகி காகாவின் முழங்கையைத் தொட்டது.

“இவ்ளோ”என்றாள்.