சாணைக்காரர் வீட்டுக் கத்தி

எங்கள் தெருவில் அவரைச் ‘சாணை’ என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு அந்தப் பெயரே ஆகாது. சக்கரம் சுற்றிப் பொறி பறக்கவிடுகிறவனுக்குத்தான் அது பொருந்தும், தான் கல்லில் தீட்டுகிறவன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அவரிடம் இருந்தவை மலையில் வெட்டியெடுத்த கற்கள். சொரசொரப்பானது சமையல் கத்திக்கு. கன்னங்கரேலென்று வழவழப்பாக இருந்தது சவரக்கத்திக்கு மட்டும். அதில் தண்ணீரைத் தவிர வேறெதுவும் படக் கூடாது. எண்ணெய்க் கையோடு தொட்டால் வள்ளென்று விழுவார்.

நான் முடிதிருத்துகிறவன். என் கடை வாசலில்தான் அவருக்கு வேலை. கத்தியைப் பார்க்காமல், வெட்டின காயைப் பார்த்தே அதன் கூர்மையைச் சொல்லிவிடுவார். எதிரே சாப்பாட்டுக் கடைக்காரரை எட்டிப் பார்த்து, “வெங்காயத்த வெட்டுறியா, கடிச்சுத் துப்புறியா? கத்தியக் கொண்டாய்யா!” என்று சத்தம் போடுவார்.

அவர் வீட்டுக் கத்தி மட்டும் வெண்ணெயைக்கூட வெட்டாது. தெருவே கேலி செய்யும். அவர் சிரித்து மழுப்பிவிடுவார். காரணம் எனக்கு மட்டும் தெரியும்.

அவருக்கும் அவர் மனைவிக்கும் ஒரே மகள்; அவர் மனைவியை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அந்த மகள் பள்ளிக்கூடம் போகிற வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அந்த வருடம் ஒரு மதியம் இவர் சாப்பிட வீட்டுக்குப் போயிருக்கிறார். அண்ணி அடுப்படியில், விரித்த சவரக்கத்தியை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாராம். இவர் கத்தியை எடுத்து மடக்கி, தன் கற்கள் இருந்த பெட்டியில் போட்டார். பதற்றத்தில் பெட்டி சாய்ந்து, கறுப்புக் கல் விழுந்து மூலை உடைந்தது. உடைந்த துண்டு எங்கே உருண்டதோ, கிடைக்கவில்லை. அதைப் பற்றி இருவரும் பிறகு ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

அன்றிலிருந்து பெட்டி என் கடையில்தான் இருந்தது. வாராவாரம் “துரு எடுத்துத் தர்றேன்” என்று சொல்லி வீட்டுக் கத்தியை வாங்கி, வாசற்படி விளிம்பில் தேய்த்து மழுங்கடித்துவிடுவார். ஆரம்பத்தில் அண்ணி, “தக்காளி நசுங்குதுங்க, கொஞ்சம் தீட்டித்தான் குடுங்களேன்” என்று கேட்டதுண்டாம். “நாளைக்குப் பாக்கலாம்” என்றே காலத்தை ஓட்டினார். பிறகு அண்ணி கேட்பதை விட்டுவிட்டார். கத்தியை மட்டும் எடுத்து நீட்டுவார்.

“கண்ண மூடுனாலும் காது தூங்க மாட்டேங்குதுடா” என்பார் என்னிடம். அவர் தலை நரைத்ததெல்லாம் இந்தப் பயத்தில்தான்.

கடைசியில் அண்ணியைக் கொண்டுபோனது நுரையீரல் சளி. எல்லாம் முடிந்த மறுநாள் நானும் அவரும் முன்னறையில் உட்கார்ந்திருந்தோம். அண்ணியின் தங்கை உள்ளே சமைத்துக்கொண்டிருந்தாள்.

“கத்தி என்னமா வெட்டுது அத்தான்!” என்றாள்.

அவர் எழுந்து உள்ளே போனார். பின்னாலேயே நானும் போனேன். தட்டில் தக்காளி மெல்லிசு மெல்லிசாக, தோல் நசுங்காமல் கிடந்தது. மழுங்கல் கத்தி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கையில் இருந்தது வேறு கத்தி.

“இது எங்க இருந்துச்சு?”

“அரிசி டப்பாவுல. அக்கா எப்பவும் அங்கதான வைப்பா? கூடவே இந்தக் கல்லும் இருந்துச்சு.”

கறுப்புக் கல்லின் உடைந்த மூலை. நடுவில் கரண்டிக் குழி மாதிரித் தேய்ந்திருந்தது. ஒருநாள் இரண்டுநாள் தேய்ப்பில் அப்படிக் குழி விழாது. கத்தியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கைப்பழக்கம் போகாமல் கூரில் பெருவிரலை வைத்தார்.

“ஒரு பக்கமாவே தேச்சிருக்கா” என்றார். “இத்தன வருசமும் இந்தத் தக்காளியத்தான் தின்னுருக்கேன். ஒருநாள் தட்டப் பாக்கலையேடா. அவ மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்.”

அவர் ஆணியில் தொங்கிய கத்தியைக் காட்டினார்.

“அப்ப இத எதுக்கு வாராவாரம் எடுத்து நீட்டுனா?”

“நீங்க தூங்கணும்னுதாண்ணே” என்றேன்.