தூண்டில்காரன்

அருமைநாயகி யாரையும் நம்பி ஏமாந்தவள் இல்லை, நம்பினால்தானே ஏமாறுவதற்கு. மன்னாரிலிருந்து வந்து முப்பது வருடம், அதில் இருபத்திரண்டு பள்ளிக்கூடக் குசினியில் சமையல் வேலை. ஈஸ்ட் ஹாம் வீட்டின் மேல் அறையை வாடகைக்கு விட்டிருந்தாள். அங்கே இருந்த றஜீவ்தான் அவளுடைய கவுன்சில் கடிதங்களை வாசித்துச் சொல்வான், டாக்டரிடம் கூடப் போய் மொழிபெயர்ப்பான். அதற்காக அவள் ஒரு நாளாவது அவனைப் பார்த்துச் சிரித்ததில்லை.

அன்று காலை வேலைக்குக் கிளம்பினால், வாசலில் நின்ற காரைக் காணவில்லை. கதவோரம் அந்தோனியார் படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கும் கார்த் திறப்பும் இல்லை; சாவி வளையம் இல்லாமல் ஆணி மட்டும் நின்றது. கதவோ பூட்டினபடி. உள்ளே இருந்த றஜீவைத் தவிர வேறு யாராக இருக்கும்?

பொலிஸ்காரி வந்தாள். அருமைநாயகியின் இங்கிலீஷ் குசினியோடு நின்றுவிடும். பழக்க தோஷத்தில் மாடியைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"றஜீவ், இஞ்ச வந்து இவவுக்குச் சொல்லு."

"என்ன சொல்ல வேணும், அன்ரி?"

"திறப்பை எடுத்தது நீதான் எண்டு."

அவனுடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. பொலிஸில் பெயர் ஏறினால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். அவன் படியிறங்கிப் பொலிஸ்காரிக்கு முன்னால் வந்தான். அவள் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் இங்கிலீஷில் சொன்னான். தன் பெயரை எழுத்துக்கூட்டியும் கொடுத்தான்.

பொலிஸ்காரி எழுதிக்கொண்டாள். பிறகு குனிந்து கதவைத் தடவிப் பார்த்து ஏதோ சொன்னாள். றஜீவ் முகத்தில் ஒன்றும் காட்டாமல் மொழிபெயர்த்தான்.

"கடிதம் போடுற ஓட்டையிலை கீறல் கிடக்காம். கம்பி விட்டுத் திறப்பைக் கொழுவி இழுத்திருக்கிறாங்கள். இந்த றோட்டிலை இது மூண்டாவதாம். நானூறு வருசத்துக்கு முந்தியும் இஞ்ச இப்பிடிக் கள்ளர் இருந்தவையாம். பகலிலை பிச்சை கேக்கிற சாட்டிலை ஜன்னலை நோட்டம் பாக்கிறது, பிறகு வந்து கொக்கித் தடியாலை உடுப்பை இழுக்கிறது. ஆங்ளர் எண்டு பேர். ஆங்கிள் எண்டா பழைய இங்கிலீஷிலை தூண்டில் முள்ளாம்."

அருமைநாயகிக்கு வெட்கத்தைவிட ஆத்திரம்தான் கூட வந்தது. கார் போனதற்கல்ல, இவன் கள்ளன் இல்லாமல் போனதற்கு.

"சரி, நான் பிழையாச் சொல்லிப்போட்டன் எண்டு சொல்லு. உன்ர பேரை வெட்டட்டும்."

"அதை நீங்களே சொல்லுங்கோ, அன்ரி."

பொலிஸ்காரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்க அருமைநாயகிக்கு இங்கிலீஷில் ஒரேயொரு சொல் தெரியும். அதையும் றஜீவுக்குச் சொல்லவில்லை, பொலிஸ்காரியைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"சொறி."

எதற்கென்று விளங்காமலே பரவாயில்லை என்று தலையாட்டிவிட்டு, பொலிஸ்காரி எழுதின கொப்பியை மூடினாள். றஜீவின் பெயர் வெட்டுப்படாமல் அதற்குள்ளேயே இருந்தது.