முத்தம்மாளின் இலை

ரங்கூன் தாமுவேயில் பவுனம்மாள் வீட்டில் ஆடிப் படையலன்று முன்னோர்களுக்கு ஒன்பது இலை போடுவார்கள். எட்டு இலை கூடத்தில். ஒன்பதாவது, வாசற்படிக்கு வெளியே, செருப்புக் கழற்றிப் போடும் இடத்தில். அந்த ஒன்பதாவது இலைக்காகத்தான் பவுனம்மாளின் அண்ணன் மகள் சத்யபாமா ஒன்றரை வருஷம் மல்லுக்கட்டினாள். யாரோடு என்கிறீர்களா? செத்து எத்தனையோ காலமான ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயோடு!

அவன் பெயர் ஜேம்ஸ் டோலன். அயர்லாந்துக்காரன். இருபது வயதில் இங்கிலீஷ்காரன் பட்டாளத்தோடு ரங்கூனுக்கு வந்தவன். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் மகள் முத்தம்மாளோடு நாலு வருஷம் குடித்தனம் நடத்தினான். ஒரு ஆண்பிள்ளையும் பிறந்தது. 1884இல் பட்டாளம் கப்பலேறியது, அவனும் ஏறினான். அதற்குப் பிறகு மகராசன் ஒரு கடுதாசி போடவில்லை. விட்டுப்போனது ஒரு ஜெபப்புத்தகம் மட்டும். அதன் முதல் பக்கத்தில் தன் பெயர், பட்டாளத்தின் பெயர், கொல்லன் பேட்ரிக்கின் மகன் என்பது வரை எழுதி வைத்திருந்தான். முத்தம்மாள் ஆப்பம் சுட்டு விற்றுப் பிள்ளையை ஆளாக்கினாள். பவுனம்மாளின் அப்பா உட்படப் பேரப்பிள்ளைகளையும் பார்த்துவிட்டு, எழுபது வயதுக்குக் கண்ணை மூடினாள்.

ஆனால் படையலில் நடக்கும் கூத்தைப் பாருங்கள். ஓடிப்போன துரைக்குக் கூடத்தில் முதல் இலை. அதில் ரொட்டி, அவித்த முட்டை, ஒரு கிளாஸ் ரம், பக்கத்தில் சுருட்டு. பிள்ளையை வளர்த்த முத்தம்மாளுக்கு வெளியே வெறும் சோறும் கருவாடும். முறையாகக் கல்யாணம் ஆகாமல் இருந்தவளாம், உள்ளே வரக்கூடாதாம். இது எந்த ஊர் நியாயம்?

இந்தச் சட்டத்தைக் காத்து வந்தவர் எண்பது வயது பவுனம்மாள். கல்மனசுக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். பாமாவின் புருஷன் செல்வம் மலேசியாவுக்கு வேலைக்குப் போய், அங்கே இன்னொருத்தியோடு தங்கிவிட்டபோது, “நான் இருக்கேன், வா” என்று பாமாவைத் தன் வீட்டுக்குக் கூட்டி வந்தவரே அவர்தான். பதினெட்டு வருஷமாகிறது. இலை விஷயத்தில் மட்டும் அசையமாட்டார்.

“எங்கப்பா வச்ச மொறை பாமா. கல்யாணம் ஆனதுக்கு ஒரு துண்டுக் காயிதம் காட்டு, நானே கையப் புடிச்சு அவள உள்ள கூட்டியாறேன்” என்பார்.

விட்டுப்போனவனுக்கு நடுக்கூடம், விடப்பட்டவளுக்குச் செருப்புப் பக்கம். நாளைக்குத் தன் இலை எங்கே விழுமோ என்று பாமா யோசிக்காமல் இருப்பாளா? வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

முதலில் ரங்கூன் மாதா கோயில்களில் விசாரித்தாள். “அந்தக் காலத்துப் பதிவேடெல்லாம் ஜப்பான்காரன் சண்டையில போச்சும்மா” என்றார் ஒரு பாதிரியார். அவளுக்கு வேலை ரங்கூனின் கியாக்டடா வட்டாரத்தில், ஜுல்ஃபிகரின் கம்ப்யூட்டர் கடையில் பாஸ்போர்ட் பாரம் அடிப்பது. வழி சொன்னவர் அவர்தான்.

“அயர்லாந்துல பாரு மா பாமா. பட்டாளம் தங்குன ஊர்க் கல்யாணப் பதிவையெல்லாம் படம் புடிச்சு, யாரும் பாக்கலாம்னு விட்டுருக்காங்க.”

அன்று முதல், கரண்ட் இருக்கும் மதிய நேரங்களில், லபெயே டீ டம்ளரை ஓரமாக வைத்துக்கொண்டு பாமா பட்டாளத்து பாராக்ஸ் இருந்த ஊர் ஊராகப் புரட்டினாள். அதிலும் ஒரு தப்புச் செய்தாள். நம் வீடுகளில் கல்யாணம் என்றாலே பெண் வீடுதானே? ரங்கூனில் கட்டியவளை ஊருக்குப் போய்ப் பதிந்திருப்பான் என்று நம்பி, மணப்பெண் பெயர்களிலேயே முத்தம்மாளைத் தேடி ஏழு மாதத்தைக் கழித்தாள். அசட்டு நம்பிக்கைதான். மாப்பிள்ளை பெயரில் தேடியபோது ஒரே வாரத்தில் ஆள் அகப்பட்டான்.

அத்லோன் என்ற ஊர், 1888 நவம்பர். ஜேம்ஸ் டோலன், சிப்பாய், வயது இருபத்தெட்டு, இருப்பிடம் பாராக்ஸ். அதே பட்டாளம். தகப்பன் பேட்ரிக், கொல்லன். மணப்பெண் மார்கரெட்.

“படுபாவி!” என்றாள் பாமா. “அங்க போயி மொறையா ஒருத்தியக் கட்டிக்கிட்டான். எங்க ஆளுக்குத்தான் ஒண்ணுமில்ல. மூடுங்க பாய், போதும்.”

ஜுல்ஃபிகர் மூடவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கட்டம் கட்டமாகப் படித்தார். “இரு, இரு. பொண்ணுக்குக் கன்னின்னு போட்டுருக்கு. இவனுக்குப் பிரம்மச்சாரின்னு போடல. பெண்டாட்டிய எழந்தவன்னு இருக்கு.”

“எந்தப் பெண்டாட்டி?” என்று கேட்ட பாமா, நாற்காலியை இழுத்துக்கொண்டு திரைக்கு அருகே வந்தாள்.

“அவசரப்படாத. முத்தம்மான்னு பேரு இதுல இல்ல. நடுவுல வேற எவளாச்சும் இருந்துருக்கலாம்.”

அதுவும் சரிதான். 1884க்கும் 1888க்கும் இடையில் அவன் வேறு யாரையாவது கட்டினானா என்று மூன்று வாரம் சலித்துப் பார்த்தாள். அப்படி ஒரு பதிவும் இல்லை. அவன் இழந்ததாகச் சொன்ன பெண்டாட்டி, அப்போது ரங்கூனில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்து ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள்.

ஆடிப் படையலன்று காலை, கூடத்தில் எட்டு இலையும் போட்டாகிவிட்டது. பாமா அச்செடுத்த காகிதத்தை அத்தையின் மடியில் வைத்து, ஒவ்வொரு கட்டமாகச் சொன்னாள். முத்தம்மாள் பெயர் அதில் இல்லை என்பதையும், தான் தேடிப் பார்த்ததையும் மறைக்காமல் சொன்னாள்.

பவுனம்மாள் காகிதத்தை உயர்த்திப் பிடித்துப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார். “அப்போ அவ பெண்டாட்டிதான்னு அவன் வாயாலயே சொல்லியிருக்கான்?”

“ஆமா அத்தை.”

“உசுரோட இருந்தவள, செத்துப் போயிட்டாள்னு சொல்லியிருக்கான்?”

“ஆமா.”

“அடப்பாவி! எங்கப்பா அவ சுட்ட ஆப்பத்தத் தின்னுதானேடி வளர்ந்தாரு! இத்தன வருஷம் அவள வெளிய உக்கார வச்சுட்டு, இவனுக்கு நான் முட்ட அவிச்சேனே!”

கண்ணீர் தாரை தாரையாக ஓடியது. பாமா பிடிக்க வருவதற்குள் எழுந்துவிட்டார். வாசலுக்குப் போய், சோறும் கருவாடுமாக இருந்த இலையை இரண்டு கையாலும் ஏந்தினார். “வா ஆத்தா, மன்னிச்சுக்க” என்று சொல்லி, கூடத்துக்குக் கொண்டு வந்தார். முதல் இடத்தில் துரையின் இலை இருந்தது. அதை ரொட்டி, முட்டை, ரம், சுருட்டு எல்லாவற்றோடும் நகர்த்திவிட்டு முத்தம்மாளின் இலையை வைத்தார்.

“அந்த இலைய எடுத்துக் குப்பையில போட்டுரவா அத்தை?”

“சேச்சே, மூதாதைடி. பட்டினி போடக்கூடாது” என்றவர், வாசற்படிக்கு வெளியே, செருப்புகளின் பக்கம் கையைக் காட்டினார். “அங்க வையி.”

பாமா வைத்துவிட்டுத் திரும்பினாள். பவுனம்மாள் அவள் முகத்தைப் பார்த்தார்.

“செருப்பையெல்லாம் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடு பாமா. நாளைக்குச் செல்வத்துக்கும் அங்க எடம் வேணும். ஒன் இலை இங்க, முத்தம்மா பக்கத்துல.”

பாமா சிரிக்க வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது.