வலமாகப் பறந்தாலும்

கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம், மலையைச் சுற்றிக்காட்ட ஹெலிகாப்டர் வந்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. நான் கல்யாணமாகிக் கிரிவலப் பாதையோரக் கிராமத்துக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. மதராஸ் கம்பெனி ஒன்று யாரையோ பிடித்து எங்கள் ஊர்க் களத்தில் இறங்க அனுமதி வாங்கி, நடுவில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தது. பக்கத்துத் தட்டியில் கொட்டை எழுத்தில் "வானத்தில் கிரிவலம்" என்று எழுதியிருந்தார்கள்.

அந்தக் களத்தில்தான் நாங்கள் மல்லாட்டை காயவைப்போம். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். கார்த்திகையில் வெயில் தலைகாட்டுவதே அபூர்வம். அப்போது காயாவிட்டால் பூசணம் பிடித்துவிடும், அடுத்த விதைப்புக்கு விதை இருக்காது. முதல் நாளே அந்த இயந்திரம் கிளப்பிய காற்றில், காயப்போட்டதெல்லாம் ஓரத்துச் சேற்றில் போய் விழுந்தது. அது மலையை ஒட்டித் தாழப் பறந்ததில் பாறைத் தேனீக்கள் கலைந்து, சரிவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த என் நாத்தனாரைக் கொட்டித் தள்ளிவிட்டன. கண் திறக்க முடியாமல் முகம் வீங்கிக் கிடந்தாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஊர் ஆம்பளைகளுக்கும் கோபம்தான். ஆனால் அவர்கள் கோபமே வேறு. விமானி மலையை இடது கைப் பக்கம் வைத்துச் சுற்றினான். வலம் என்றால் மலை வலது கைப் பக்கம் இருக்க வேண்டும், எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் அது தெரியும். "இன்னா அக்கிரமம்! சாமிய தப்பா சுத்துறான்" என்று தாலுகா ஆபீசுக்குக் கிளம்பினார்கள். சாயங்காலம் பல்லெல்லாம் தெரியத் திரும்பி வந்தார்கள். இனிமேல் வலமாகத்தான் பறக்க வேண்டும் என்று அதிகாரி உத்தரவு போட்டுவிட்டாராம்.

"எந்தப் பக்கமா சுத்துனா தேனீ கொட்டாதாம்? அதையும் கேட்டுக்கினு வந்தீங்களா?" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"நீ சும்மா இரு, உனுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

எனக்கா தெரியாது? அன்று வந்த ஆத்திரம் இதை எழுதும்போதும் அடங்கவில்லை.

மறுநாள் காலையில் ஊர்ப் பெண்கள் எல்லாரும் ஈர மல்லாட்டையைக் கூடை கூடையாகச் சுமந்து போய், சுண்ணாம்பு வட்டம் மறையும்படி களம் முழுக்கப் பரப்பினோம். வீங்கிய முகத்தோடு நாத்தனாரும் வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டாள். ஹெலிகாப்டர் வந்து உயரத்திலேயே நின்று உறுமியது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அண்ணாந்து பார்த்தோம். ஒருத்தியும் நகரவில்லை. இறங்க இடமில்லாமல் அது திரும்பிப் போனது.

கொஞ்ச நேரத்தில் அதிகாரியே ஜீப்பில் வந்துவிட்டார். "அதான் வலமா பறக்கச் சொல்லிட்டேனேம்மா, இன்னும் என்ன?" என்றார்.

"எப்படிப் பறந்தாலும் எங்களுக்கு வேணாங்க. களத்துல இறங்கக் கூடாது. மலைகிட்டயும் ஊர் மேலயும் பறக்கக் கூடாது. எழுதிக் குடுங்க" என்றேன். வீட்டுக்கு வந்த மருமகள் அதிகாரியிடம் இப்படிப் பேசுவதைக் கேட்க ஆம்பளைகள் களத்து ஓரத்துக்கு ஓடி வந்தார்கள்.

"எழுதலாம். மொதல்ல மல்லாட்டைய வாருங்க" என்றார் அவர்.

"காயட்டுங்க, வாரிக்கிறோம்."

"எப்பம்மா காயும்?"

"நீங்க எழுதிக் குடுத்தா ஒடனே காஞ்சிடும்."

மத்தியானத்துக்குள் கையெழுத்துப் போட்ட காகிதம் வந்தது. மல்லாட்டை காயத்தான் இன்னும் சில நாள் ஆனது.