விமானம் பார்க்கத் துண்டு போட்ட நாற்காலி

எனக்குக் கோபம் சட்டென்று வந்துவிடும். ஆனால் அதை ஆட்களிடம் காட்டத் தெரியாது. பாத்திரங்களிடம்தான் காட்டுவேன். எங்கள் வீட்டில் கரண்டி விழுகிற சத்தத்தை வைத்தே என் வீட்டுக்காரர் அன்றைய நிலவரத்தைத் தெரிந்துகொள்வார். விமானக் காட்சி நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது. தெரிந்துதான் மாடியை விட்டு இறங்காமல் இருந்தார்.

நான் கிணத்துக்கடவில் பிறந்தவள். சூலூருக்கும் சோமனூருக்கும் நடுவில் இருக்கிற இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. விமானப்படைத் தளம் பக்கத்தில்தான். விமானங்கள் எங்கள் வீட்டுக்கு மேலேதான் போகும், வரும். விருந்துக்கு வருகிறவர்கள் எல்லாம், "உங்களுக்கென்னங்க, படுத்துக்கிட்டே ஏரோப்ளேன் பாக்கலாம்" என்பார்கள். படுக்க எனக்கு ஏது நேரம்? வாரநாளில் பக்கத்துக் கொட்டகையில் எங்கள் தறி ஓடும். அந்தச் சத்தத்தையும் தாண்டி விமானச் சத்தம் சமையலறைக்கு எட்டும்போதே அது பாதி ஊரைக் கடந்திருக்கும். நான் அடுப்பை அணைத்து, முந்தானையில் கையைத் துடைத்து, செருப்பைத் தேடி வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தால் ஒரு புகைக்கோடு இருக்கும். சில நாள் அதுவும் இருக்காது. ஒரு பருந்து சுற்றிக்கொண்டிருக்கும்.

அதனால்தான், சாகசக் காட்சி நடக்கப்போகிறது என்று தெரிந்ததும் எனக்கு அப்படி ஓர் ஆசை வந்தது. கல்லூரியில் படிக்கிற என் மகன் கைப்பேசியைப் பார்த்து வரிசையாகச் சொன்னான். ஹெலிகாப்டர்கள் சேர்ந்து ஆடுமாம். போர் விமானம் செங்குத்தாக மேலே ஏறுமாம். ராணுவத்தைச் சேராத ஒருவர் சின்ன விசிறி விமானத்தில் குட்டிக்கரணம் போடுவாராம். கடைசியாகச் சிவப்பும் வெள்ளையுமாக ஒன்பது ஜெட் விமானங்கள் ஒன்றையொன்று உரசுகிற மாதிரி பறக்குமாம். அதில் இரண்டு மட்டும் பிரிந்து போய்ப் புகையாலேயே வானத்தில் ஹார்ட் வரையுமாம்.

அந்த ஹார்ட்டை நான் பார்க்கவேண்டும். வரைந்து முடித்ததைப் பார்த்தால் போதாது. விமானம் வருவதிலிருந்து, பிரிந்து, வளைந்து, கீழே வந்து சேருகிற வரை முழுசாகப் பார்க்கவேண்டும். இருபத்தைந்து வருடமாக வால் புகையை மட்டும் பார்த்தவளுக்கு இது ஒன்றும் பேராசை இல்லை என்று வீட்டில் அறிவித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணியோடு அடுப்புக்கு விடுமுறை. ஒரு குக்கர் அரிசிம்பருப்பு சாதம், அப்பளம், ஊறுகாய். அவ்வளவுதான். தறியும் அன்றைக்கு ஓடாது. யாரும் என்னை எதற்கும் கூப்பிடக்கூடாது.

சனிக்கிழமை சாயங்காலமே மொட்டை மாடிக்கு ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய், தண்ணீர்த் தொட்டி நிழல் விழும் இடமாகப் பார்த்துப் போட்டேன். மேலே என் பச்சைத் துண்டை விரித்து, காற்றில் பறக்காமல் நாற்காலியின் கையில் முடிந்தும் வைத்தேன். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அப்படி. மகன் சிரித்தான். நம் வீட்டு மாடியில் உனக்கு எதற்கம்மா ரிசர்வேஷன் என்றான். அவனுக்கு அவன் அப்பாவைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது.

என் வீட்டுக்காரருக்கு யாரையும் வீட்டுக்கு அழைக்காமல் போன் பேசி முடிக்க வராது. ராங் நம்பர் என்று வைக்கப்போன ஆளிடமே, "பரவாயில்லீங்க, இந்தப் பக்கம் வந்தா ஊட்டுக்கு வந்துட்டுப் போங்க" என்றவர். அந்த வாரம் நூல் விஷயமாக, தறியில் ஏற்றும் பாவு விஷயமாக, ஒன்றுமில்லாத விஷயமாகப் பேசிய அத்தனை பேரிடமும், எங்கள் மாடியிலிருந்தே எல்லாம் தெரியும், குடும்பத்தோடு வந்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். மரியாதைக்குச் சொன்னோம், யார் மெனக்கெட்டு வரப்போகிறார்கள் என்று இவர் நினைத்திருக்கிறார். இவ்வளவு தூரம் அழைத்தும் போகாவிட்டால் மனுஷன் மனசு சங்கடப்படுமே என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் மரியாதைதான். நடுவில் மாட்டியது நானும் என் குக்கரும்.

காலையில் முதல் கார் வந்து நின்றபோது நான் தலைக்குக் குளித்து ஈரம்கூடக் காயவில்லை. கிணத்துக்கடவிலிருந்து என் அண்ணன் குடும்பம், டிக்கி நிறையத் தேங்காயும் இளநீருமாக. அவர்கள் இறங்கும்போதே சோமனூர்த் தறிக்காரர்கள் நாலைந்து குடும்பம். அப்புறம் யார் யாரோ. ஊர்த் திருவிழா நோம்பிக்குக்கூட எங்கள் வீட்டில் அத்தனை செருப்புகள் கிடந்ததில்லை. குக்கரை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பரணிலிருந்து அண்டாவை இறக்கினேன். இறக்கிய சத்தம் மாடி வரை கேட்டிருக்கும்.

கடைசியாக அன்னூர்க் கார் வந்தது. அதில் என் வீட்டுக்காரரின் அக்கா வந்தார். எங்கள் பக்கம் நங்கையா என்று கூப்பிடுவோம். அதிகம் பேசமாட்டார். பேசினால் ஒரு வார்த்தையில் ஆளை எடை போட்டுவிடுவார். கல்யாணமான புதிதில் என் ரசத்தைக் குடித்துவிட்டு, "சுடுதண்ணி நல்லா வெக்கற" என்று சொன்னவர். அவர் முன்னால் எனக்கு இன்னமும் கொஞ்சம் உதறல்தான். சாப்பிடக் கூப்பிட்டேன். அப்பறம் ஆகட்டும் என்று சொல்லிவிட்டு, வலிக்கிற முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக மாடி ஏறினார். கொஞ்ச நேரத்தில் மகன் இறங்கி வந்து என் காதருகே சொன்னான். அத்தை நேராகப் போய் நீல நாற்காலியில்தான் உட்கார்ந்தார்களாம்.

துண்டு என்ன ஆயிற்று என்று கேட்டேன். முடிச்சை அவிழ்த்து, மடித்து மடியில் வைத்திருக்கிறார்கள் என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்த ஒரே இடமும் போயிற்று. அவரிடம் போய் யார் எழுந்திருங்கள் என்று சொல்வது?

எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சாப்பாடு போடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. முதல் தடவை கேட்டால், இப்போதுதான் சாப்பிட்டோம் என்பார்கள். இரண்டாம் தடவை கேட்டால், எதுக்குங்க உங்களுக்குச் சிரமம் என்பார்கள். மூன்றாம் தடவை கொஞ்சம் கோபித்துக்கொண்டு கேட்டால்தான் தட்டைத் தொடுவார்கள். மூன்றாம் தடவை கேட்காத வீடு, சோறு போடாத வீடு. நான் ஒவ்வொரு குடும்பத்தையும் மும்மூன்று தடவை கேட்டுக்கொண்டிருந்தபோது காட்சி தொடங்கிவிட்டது.

அடுப்படியில் இருந்தபடியே முழுக் காட்சியையும் பார்த்தேன் என்றுதான் சொல்லவேண்டும். அடிவயிற்றில் கடகடவென்று ஒரு நடுக்கம் வந்தால் ஹெலிகாப்டர். அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டால் போர் விமானம். சின்ன விமானத்தின் சத்தம் தையல் மிஷின் ஓடுகிற மாதிரியே இருந்தது. அது திடீரென்று நின்றுபோக, மாடியே மூச்சுக்காட்டவில்லை. நானும் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன். மறுபடி மிஷின் ஓட, மேலே எல்லோரும் கைதட்டினார்கள். மகன் படிக்கட்டில் நின்று, விழுகிற மாதிரி விழுந்து எழுந்துவிட்டதம்மா என்று கத்தினான். நான் பருப்புக்கு நெய் ஊற்றினேன்.

அண்ணன் மனைவி இறங்கி வந்து, நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய்ப் பாருங்கள் என்று சொல்லத்தான் செய்தார். நான் என்ன சொன்னேன்? "அட, நீங்க போங்கண்ணி. எனக்கு இதெல்லாம் தெனமும் பாக்கறதுதான்" என்று தோளைப் பிடித்துத் திருப்பி மேலே அனுப்பினேன். அவரும் இன்னும் இரண்டு தடவை கேட்பார் என்று பார்த்தேன். ஒரே தடவையில் போய்விட்டார். போனாரே என்று அதற்கும் கோபம் வந்தது.

சாப்பாடு ஓய்ந்ததும் காப்பி. பெரிய பாத்திரத்தில் பாலை ஏற்றினேன். கடைசியாக ஒன்பது விமானமும் கிளம்பப்போகிறது, இனி அதுதான் என்று மகன் குரல் கொடுத்தான். பால் காய்ந்து, எல்லோருக்கும் ஆற்றி, தட்டில் வைத்து மேலே எடுத்துப் போவதற்குள் என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். புகைதான். கண்ணில் நீர் முட்டியது. வெங்காயம்கூட நறுக்கவில்லை, அதன் மேல் பழிபோட.

அந்த நேரம் பார்த்து, ஒவ்வொரு படியாக நங்கையா இறங்கி வந்து சமையலறை வாசலில் நின்றார்.

"அம்மணி, நா கெளம்பறேன்."

வீட்டுக்காரரின் கூடப்பிறந்தவர் கிளம்பினால் சும்மா தலையாட்டி அனுப்ப முடியுமா? குங்குமம் கொடுக்கவேண்டும், பூ கொடுக்கவேண்டும், பையில் தேங்காய் போட்டுத் தரவேண்டும், வெளிக்கதவு வரை போகவேண்டும், கார் முக்குத் திரும்பும் வரை நிற்கவேண்டும். இன்னும் சோறே தின்னாமல் போகிறீர்களே என்றேன். இன்னொரு நாள் ஆகட்டும் என்றார். அடுப்பைச் சிறியதாக்கி வைத்துவிட்டுக் குங்குமச் சிமிழைத் தேடினேன். பையில் தேங்காயைப் போட்ட வேகத்தில் ஒன்று விரிசல் விட்டிருக்கும்.

வெளிக்கதவுக்கு வந்தோம். காரும் நின்றது. ஆனால் அதை ஓட்டவேண்டிய அவர் மகனைக் காணோம். நங்கையா சாவகாசமாகக் கதவின் மேல் கையை ஊன்றிக்கொண்டு பேச ஆரம்பித்தார். எங்கள் அம்மாவுக்கு இப்போது கால்வலி எப்படி இருக்கிறது? அண்ணன் தோப்பில் இந்த வருடம் காய்ப்பு எப்படி? நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தபடி பதில் சொன்னேன். எங்கோ தொலைவில் உறுமல் கேட்டது. மாடியில் பேச்சு அடங்கியது.

"காரு எடுக்க வரலீங்களா நங்கையா?"

"வருவான் வருவான். உங்கூட்டுத் தக்காளிச் செடி என்னாச்சு?"

தக்காளிச் செடியைப் பற்றி நான் வாயைத் திறந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக் கிழக்கே திருப்பினார்.

"அங்க பாரு."

எங்கள் கதவுக்கு எதிரே உழுது போட்ட வெறும் காடு. மரம் இல்லை, வீடு இல்லை, மின்கம்பிகூட இல்லை. அந்த அகலமான வானத்தில் ஒன்பது விமானமும் ஓசையே இல்லாமல் வந்துகொண்டிருந்தன. சத்தம் பின்னால்தான் வந்தது. இத்தனை வருடத்தில் சத்தத்துக்கு முன்னால் விமானத்தை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இரண்டு மட்டும் பிரிந்து நேராக மேலே ஏறின. உச்சியில் ஒன்று இடப்பக்கம் சாய, இன்னொன்று வலப்பக்கம் சாய, வெள்ளைப் புகை இரண்டு தோளாக வளைந்தது. கவிழ்ந்தபடியே கீழே இறங்கி வந்து, இடித்துவிடுமோ என்று நான் நங்கையாவின் கையை இறுக்கிய நேரத்தில், ஒன்றையொன்று தாண்டிப் போயின. முழு ஹார்ட். எங்கள் வீட்டுக் கதவுக்கு நேர் எதிரே.

நான் அழுதேன். சிரிக்கவும் செய்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

நீங்கள் கிளம்பவில்லையா என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டேன்.

"எங்க கெளம்பறது, சோறே தின்னுலியே. நா போறேன்னாத்தான நீ அடுப்ப உட்டுப்போட்டு வெளிய வருவ. வாசலுக்கு வந்துட்டா நா உடற வரைக்கும் நீ போக முடியாது" என்றார். "சேருல கெடந்த துண்டு யாருதுன்னு உம்மவனக் கேட்டேன். சொன்னான். வேற யாரும் உக்காந்துருவாங்கன்னுதான் நா போயி உக்காந்துக்கிட்டேன். எப்ப ஹார்ட்டு போடுவாங்கன்னும் அவனத்தான் கேட்டுட்டு வாரேன்."

தோளிலிருந்து என் பச்சைத் துண்டை எடுத்து என் கையில் வைத்தார். பிறகு வானத்தைப் பார்த்துக்கொண்டே, "நானும் எங்கூர் நோம்பி மேளத்த இன்னிவரைக்கும் அடுப்படியில இருந்துதான் கேட்டிருக்கறேன்" என்றார்.

ஒன்பதும் மறுபடி ஒன்றுசேர்ந்து திரும்பிக்கொண்டிருந்தன. அப்போது என் வீட்டுக்காரர் மாடிச் சுவரில் எட்டிப் பார்த்து, பால் பொங்கி வழிகிற வாசம் வருகிறதே அம்மணி, என்றார். எனக்கும்தான் வந்தது. கால்கூடப் பழக்கத்தில் ஓரடி உள்ளே எடுத்து வைத்தது. நங்கையா என் மணிக்கட்டை இன்னும் விடவில்லை.

"ஏனுங்க, நீங்களே போயி அணைச்சுப்போடுங்க" என்றேன், வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் படியிறங்கி ஓடுகிற சத்தம் கேட்டது. விமானங்கள் வீட்டுக்கு மேலாகத் திரும்பி வந்தன. பாவம், அடுப்பை அணைத்து, கையைத் துடைத்து அவர் வெளியே வந்தபோது புகைதான் இருந்தது.